வெட்டியவரும் நட்டவரும்

வெயிலும் மழையும் உப்புநீரும் மாறிமாறித் தாக்கும் இடத்தில் மரம் நெடுநாள் நிலைப்பதரிது. அவ்வரிய நிலைபேறு வாய்ந்த சில மரங்களுள் தலையாயது தேக்கு. அதன் வைரத்தில் ஊறிய எண்ணெய்ப்பசை நீரைத் தடுக்கிறது. கறையானும் பூஞ்சையும் அதனை எளிதில் அணுகுவதில்லை. உலர்ந்தபின் சுருங்குவதும் முறுக்கிக்கொள்வதும் குறைவு. வைரமேறாத வெளிறுக்கோ இவ்வலிமை இல்லை. திறந்தவெளியில் கிடக்கும் கப்பலின் மேல்தளத்திற்குத் தச்சர்கள் தேக்கைத் தேர்ந்தமைக்கு இவையே காரணம்.

தென்னாட்டுச் சொல்லாகிய தேக்கு, போர்த்துகீசியர் நாவேறி, ஆங்கிலத்தில் 'டீக்' என நிலைத்தது. சொல் சென்ற கடல்வழியே மரமும் சென்றது. நெப்போலியப் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் ஓக் மரத்திற்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. பம்பாயின் வாடியா குடும்பத்தார் தேக்கால் போர்க்கப்பல்கள் கட்டித் தந்தனர். அவற்றுள் ஒன்று, நம் திருகோணமலையின் பெயர் தாங்கி 1817இல் நீரில் இறங்கிய 'டிரின்கோமலி'. இருநூறு ஆண்டுகள் கடந்தும் அது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது.

இவ்வுறுதியே காட்டுக்குக் கேடாயிற்று. நெடுநாள் நிற்கும் பொருளை எல்லோரும் விரும்பினர். மலபார்க் காடுகளில் கோடரி ஓயவில்லை. மரம் அருகவே, 1840களில், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபாரின் ஆட்சியர் கனோலி, நிலம்பூரில் தேக்கு நடும் பணியைத் தொடங்கினார். தேக்கின் விதை எளிதில் முளைப்பதன்று. தொடக்க முயற்சிகள் பொய்த்தன. நாற்று வளர்க்கும் வழிகண்டு தோட்டத்தை உருவாக்கியவர் சாத்து மேனன். உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டங்களுள் ஒன்றாக அது இன்றும் போற்றப்படுகிறது.

கனோலி 1855இல் கொல்லப்பட்டார். சாத்து மேனனும் பின்னர் மறைந்தார். தாம் நட்ட மரங்கள் முதிர்ந்ததை இருவருமே காணவில்லை. அவை முதிர்ந்தபோதோ, போர்க்கப்பல்கள் இரும்புக்கு மாறிவிட்டிருந்தன. எந்தத் தேவைக்கென நடப்பட்டனவோ அத்தேவையே மறைந்தது; மரங்கள் நின்றன. கனோலியின் பெயர் தாங்கிய தோட்டப்பகுதி இன்றும் வெட்டப்படாமல் காக்கப்படுகிறது.

இன்றோ செல்வர்தம் உல்லாசப் படகுகளின் தளத்திற்கும் தோட்டத்து மேடைகளுக்கும் தேக்குப் பலகை தேடப்படுகிறது. இளமையில் வெட்டிய மரத்தில் வைரம் குறைவாதலின், முதுமரத்தையே வாங்குவோர் நாடுகின்றனர். பர்மா 2014இல் வெட்டுமர ஏற்றுமதியைத் தடைசெய்ததும் காடு குறைந்தமையாலேயே. மரத்தின் உறுதியைப் புகழ்வோர் ஒரு கணக்கையும் கருதல் வேண்டும்: மரம் முதிர எடுத்த காலமேனும் அதன் பலகை உழைத்தாக வேண்டும். அதற்குமுன் நாம் அதைக் கழற்றி எறிவோமாயின், நிலையாதது மரமன்று, நம் மனமே.