கரம்பையும் கண்மாயும்

தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் கோடையில் வற்றிய கண்மாயின் படிவு மண்ணை வெட்டி மாட்டுவண்டிகளில் வயலுக்குக் கொண்டுசென்ற வழக்கம், நிலத்துக்கு உரமூட்டுவதையும் நீர்நிலையைத் தூர்வாருவதையும் ஒரே வேலையாக்கியிருந்தது. கரம்பை எனப்படும் அந்த மண், மேட்டிலிருந்து மழைநீர் அரித்துவந்த நுண்களியும் மேய்ச்சல் மாடுகளின் சாணமும் மக்கிய இலைதழையும் நீருக்கடியில் படிந்து உருவாவது. மணல் மிகுந்து மட்குக் குறைந்த செவல் நிலத்தில் பெய்த மழை விரைவில் வடிந்துவிடும். கரம்பையின் களி ஈரத்தையும் சத்தையும் பிடித்துவைப்பதால், மழை இடைவெளி விட்டாலும் பயிர் சில நாள் தாங்கும். தொழுவுரத்தின் பயன் ஓரிரு பருவங்களில் குறைந்துபோக, களியோ நிலத்தோடு கலந்து பல ஆண்டுகள் தங்கிவிடும்.

கண்மாய்க்குள் எல்லா இடத்து மண்ணும் ஒன்றன்று. வரத்துக்கால் வந்து சேரும் முகத்தில் கனமான மணல் முதலில் தங்கிவிட, நுண்களி கரையையும் மடையையும் ஒட்டிய ஆழத்துக்குச் சென்றே படியும் என்பதால், அந்த ஆழத்து மண்ணே வயலுக்கு ஏற்றது. பாளம் பாளமாக வெட்டிய கட்டிகளை வயலில் சிறு குவியல்களாகக் கொட்டிவைத்து, வெயிலிலும் முதல் மழையிலும் அவை உதிர்ந்தபின் பரப்பி உழுவர். உவர் படிந்த கண்மாயின் மண் நிலத்தைக் கெடுத்துவிடும் என்பதால் அது விலக்கப்பட்டது.

நீர்நிலையைப் பேணுவது ஊரின் பொறுப்பாக இருந்ததற்குத் தமிழகத்தின் வடபகுதியில், உத்திரமேரூரிலுள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) சான்றாகின்றன. ஏரி வாரியம் என்ற குழு அவற்றில் குறிக்கப்படுகிறது. ஊரார் கூடி உழைத்துக் கரையையும் கால்வாயையும் செப்பனிடும் முறை பிற்காலத்தில் குடிமராமத்து எனப்பட்டது. அதை நிலைநிறுத்த 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் தேவைப்பட்டதே, ஊருக்கும் நீர்நிலைக்கும் இருந்த உறவு தளர்ந்துவந்ததை உணர்த்துகிறது. சிறுகனிமங்களுக்கான 1959ஆம் ஆண்டு விதிகளின்கீழ் ஏரி மண் எடுக்க அரசின் அனுமதி தேவைப்பட்டது. தலைமுறைகளாகத் தன் வயலுக்கு அள்ளிய மண்ணுக்கு உழவர் அலுவலகப் படியேற நேர்ந்தது பெரும் இழப்பே.

குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கப்பட்ட 2017இல், உழவர் வண்டலைக் கட்டணமின்றி எடுக்கவும் வழி செய்யப்பட்டது. ஏக்கருக்கு நன்செய்க்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு 90 கனமீட்டர் என்று வகுக்கப்பட்ட அளவு, ஈரம் தங்காத மேட்டு நிலத்துக்கே கரம்பை கூடுதலாக வேண்டும் என்ற பழைய பட்டறிவோடு ஒத்துப்போகிறது.