இத்தாலியில் பிறந்து நம்ம ஊர் ஆன இஞ்சின்: 1248 சிசியின் கதை

இன்னைக்கு எபிசோடுல ஒரு இஞ்சினோட வரலாறு பார்க்கப் போறோம். எட்டுக்கும் மேற்பட்ட கம்பெனிகளோட கார்களில் ஓடின, இந்தியாவோட "தேசிய இஞ்சின்"னு கார் பிரியர்கள் பாதி கேலியாவும் பாதி மரியாதையாவும் பேர் வச்ச 1.3 லிட்டர் டீசல் இஞ்சின். ஃபியட் அதுக்கு வச்ச பேர் மல்டிஜெட். மாருதி டிடிஐஎஸ்னு சொன்னாங்க, டாடா குவாட்ராஜெட்னு சொன்னாங்க. உள்ளே இருக்கிறது ஒரே இரும்புதான்.

தூத்துக்குடியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி பாஞ்சாலங்குறிச்சி. 1974-ல் தமிழ்நாடு அரசு கட்டின கட்டபொம்மன் நினைவுக் கோட்டை அங்கே இருக்கு. லீவு நாளில் அந்த வாசலில் வந்து நிக்கிற வாடகைக் கார்களை எண்ணிப் பாருங்க. வெள்ளை டிசையர், பழைய ஸ்விஃப்ட், எர்டிகா, இண்டிகா விஸ்டா. இதில் டீசல் வண்டியா இருந்தா, பானெட்டுக்குக் கீழே பெரும்பாலும் இந்த இஞ்சின்தான் இருக்கும். இத்தாலிக்காரன் வரைஞ்ச ஒரு இஞ்சின் இந்தக் கரிசல் காட்டு ரோடு வரைக்கும் எப்படி வந்துச்சு? வந்தது ஏன் 2020-ல் திடீர்னு நின்னுச்சு? இதுதான் இன்னைக்கு கேள்வி.

முதல்ல இஞ்சினைப் புரிஞ்சுக்குவோம். பெட்ரோல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக் தீ வைக்கும். டீசலில் அது கிடையாது. காத்தை நசுக்கி நசுக்கிச் சூடாக்குவாங்க, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினா தானாவே பத்திக்கும். பழைய டீசல் வண்டி "தட தட"ன்னு சத்தம் போட்டதுக்குக் காரணம், மொத்த டீசலும் ஒரே நேரத்தில் உள்ளே போய் ஒரே அடியா வெடிக்கிறதுதான்.

இதுக்குத் தீர்வா வந்தது காமன் ரெயில். எல்லா சிலிண்டருக்கும் பொதுவா ஒரு குழாய், அதில் டீசலை ஆயிரம் பாருக்கு மேல அழுத்தி வச்சிருப்பாங்க. எப்போ, எவ்வளவு பீய்ச்சணும்ங்கிறதை கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். இந்த ஆராய்ச்சியில் ஃபியட் குழுமம் ரொம்ப முன்னாடி இருந்தது. ஆனா உற்பத்திக்குக் கொண்டு வரப் பணம் போதாம, 1994-ல் அந்தத் தொழில்நுட்பத்தை பாஷ் கம்பெனிக்கு வித்துட்டாங்க. 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 கார் முதல் காமன் ரெயில் பயணிகள் காரா ரோட்டுக்கு வந்தது. அதுக்கப்புறம் உலகத்தில் வந்த டீசல் கார்கள் பெரும்பாலும் இதே வழிதான். கண்டுபிடிச்சவங்களைவிட வாங்கினவங்களுக்கு லாபம் அதிகம்.

ஆனா ஃபியட் அதோட நிக்கலை. 2003-ல் ஜெனரல் மோட்டார்ஸோட கூட்டு சேர்ந்து 1.3 மல்டிஜெட்டைக் கொண்டு வந்தாங்க. தயாரிச்சது போலந்தில், பியெல்ஸ்கோ பியாவாங்கிற ஊரில். 1248 சிசி, 4 சிலிண்டர், 16 வால்வு. சிலிண்டர் விட்டம் 69.6 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்குற நீளம் 82 மில்லிமீட்டர். ஒரே தடவை பீய்ச்சாம, ஒரு சுழற்சிக்கு ஐந்து தடவை வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா பீய்ச்சும். ரெண்டு பீய்ச்சலுக்கு நடுவில் இருந்த இடைவெளியை 1500 மைக்ரோ செகண்டிலிருந்து 150-க்குக் குறைச்சாங்க. நாங்க சர்வர் பக்கம் லேட்டன்சியைப் பத்து மடங்கு குறைச்சா ஆபீஸில் கேக் வெட்டுவோம். இவங்க அதை இரும்புக்குள்ள, டீசல் பிசுக்கோட செஞ்சிருக்காங்க. 2005-ல் 1 முதல் 1.4 லிட்டர் பிரிவில் உலகின் சிறந்த இஞ்சின் விருது இதுக்குக் கிடைச்சது.

இந்தியாவுக்கு எப்படி வந்தது? சுசூகி கையில் நல்ல சின்ன டீசல் இஞ்சின் அப்போ இல்லை. ஃபியட்கிட்ட லைசென்ஸ் வாங்கி, ஹரியானாவின் மானேசரில் ஃபேக்டரி போட்டு, 2007 ஜனவரியில் ஸ்விஃப்ட் டீசலை இறக்கினாங்க. 75 குதிரைத் திறன், 190 நியூட்டன் மீட்டர் டார்க். 2008-ல் டிசையர் வந்தது. அதே வருஷம் டாடா இண்டிகா விஸ்டா வந்தது, அதுக்கான இஞ்சின் புனே பக்கம் ரஞ்சன்காவில் ஃபியட்டும் டாடாவும் சேர்ந்து நடத்தின ஃபேக்டரியில் தயாரானது. அப்புறம் ஃபியட் லீனியா, புன்ட்டோ, செவர்லே செயில், எர்டிகா, சியாஸ், 2016-ல் விட்டாரா ப்ரெஸ்ஸா. ஒரே ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியை இருபது ஆப்பில் போட்டு, கான்ஃபிக் ஃபைலை மட்டும் மாத்தின மாதிரி. சாதாரண டர்போ போட்டா 75 குதிரை. காத்து வழியை வேகத்துக்கு ஏத்தபடி மாத்திக்கிற விஜிடி டர்போ போட்டா 90-க்கு மேல.

இஞ்சின் நல்ல இஞ்சின்தான். ஆனா அதை எல்லா டாக்ஸி ஸ்டாண்டுக்கும் கொண்டு போனது அதோட திறமை மட்டும் இல்லை. விலை.

2010 ஜூனில் மத்திய அரசு பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துட்டாங்க, டீசலுக்கு எடுக்கலை. பெட்ரோல் ஏறிக்கிட்டே போச்சு. 2012 மே கடைசியில் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். 32 ரூபாய் வித்தியாசம்! ஒரு டிரைவர் அண்ணாச்சி ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓட்டுறார்னு வைங்க. பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கொடுத்தா செலவு கிட்டத்தட்ட 970 ரூபாய். டீசல் வண்டி 20 கொடுத்தா 410 ரூபாய். ஒரு நாளைக்கு 560 ரூபாய் மிச்சம். மாசம் 25 நாள் ஓடினா 14,000. கார் லோன் தவணையில் பெரும்பகுதி அதிலேயே போயிரும். தூத்துக்குடி துறைமுகம், திருச்செந்தூர் கோயில், மதுரை ஏர்போர்ட்னு ஓடுற ஒரு குடும்பத்தோட கணக்கு முழுசா அந்த 32 ரூபாய் மேல நின்னுச்சு.

மாருதியால் கேட்ட அளவுக்கு இஞ்சின் கொடுக்க முடியலை. 2012 ஜனவரியில் போட்டியாளரான ஃபியட்கிட்டயே வருஷத்துக்கு 1 லட்சம் டீசல் இஞ்சின் வாங்க ஒப்பந்தம் போட்டாங்கன்னா தேவை எப்படி இருந்திருக்கும்னு பாருங்க.

அப்புறம் கதை திரும்புது. 2013 ஜனவரியிலிருந்து டீசல் விலையை மாசம் 50 பைசா அளவில் ஏத்த ஆரம்பிச்சாங்க. 2014 அக்டோபரில் கட்டுப்பாடு முழுசா போச்சு. சமீப வருஷங்களில் சென்னையில் ரெண்டுக்கும் வித்தியாசம் 10 ரூபாய்க்கும் கீழே. அதோட 2020 ஏப்ரல் 1-லிருந்து பிஎஸ் 6 விதி. டீசல் கார் விடுற நைட்ரஜன் ஆக்சைடு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80-க்கு இறங்கணும். அதுக்குப் புகைக் கரியைப் பிடிக்கிற ஃபில்டர் எல்லாம் சேர்க்கணும். சின்னக் காரில் அந்தச் செலவு கட்டுப்படியாகாதுன்னு மாருதி 2019 ஏப்ரலிலேயே டீசலை நிறுத்துறதா அறிவிச்சுட்டாங்க. சொன்னபடியே நிறுத்தினாங்க. புகை குறையணும்ங்கிறதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா அரசு விலையை நம்பி கடன் வாங்கினவர் கையில் வண்டி இருக்கு, கணக்கு மட்டும் காணாமப் போச்சு.

இப்போ ஒரு நேயர் கேள்வி. ஒட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "1,60,000 கிலோமீட்டர் ஓடின 2014 ஸ்விஃப்ட் டீசல் வருது, வாங்கலாமா அண்ணா?" இந்த இஞ்சினோட வழக்கமான நோய்களைச் சொல்றேன், நீங்களே முடிவு பண்ணுங்க.

முதல் நோய், ஆயில் பட்டினி. இந்த இஞ்சின் குடிக்கிற ஆயில் சுமார் 3 லிட்டர்தான். அந்த 3 லிட்டர்தான் நிமிஷத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுத்துற டர்போவையும் காப்பாத்தணும், டைமிங் செயினையும் இறுக்கிப் பிடிக்கணும். செயினை இறுக்குற டென்ஷனர் ஆயில் பிரஷரில்தான் வேலை செய்யும். "செயின் ஆயுசுக்கும் வரும்"னு விக்கிறப்போ சொன்னாங்க. வரும், ஆயிலை நேரத்துக்கு மாத்தினா. இல்லைன்னா செயின் நீண்டு, ஒரு நாள் பல் தாண்டும், வால்வும் பிஸ்டனும் மோதும். அதனால காலையில் முதல் ஸ்டார்ட்டை நீங்க நின்னு கேளுங்க. முன்பக்கமிருந்து சங்கிலி உரசுற சத்தம் வந்தா விலையைக் குறைக்கச் சொல்லாதீங்க, கிளம்பிருங்க.

ரெண்டாவது, இஜிஆர் வால்வு. புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே அனுப்புற வால்வு இது. டவுனுக்குள்ளேயே ஓடின வண்டியில் கரி படிஞ்சு அடைச்சுக்கும். இழுவை குறையும், கரும்புகை வரும். கழட்டி சுத்தம் பண்ணினா பெரும்பாலும் சரியாகும்.

மூணாவது, 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே இழுவை இல்லாத டர்போ லேக். இது நோய் இல்லை, குணம். ஆனா அதைச் சமாளிக்க கிளட்சை அரைச்சே ஓட்டுவாங்க. அதனால ஏத்தத்தில் வச்சு கிளட்ச் நழுவுதான்னு பாருங்க. இன்ஜெக்டரில் திரும்பி வர்ற டீசல் அளவையும் அளந்து பார்க்கச் சொல்லுங்க. டீசலில் தண்ணி கலந்தா முதல்ல அடி வாங்குறது இன்ஜெக்டர்தான், ஃபில்டரைத் தள்ளிப் போடக் கூடாது.

நாலாவது நம்ம ஊர் நோய். உப்பளக் காத்து. எர்த் ஒயர், கனெக்டர் எல்லாம் பூத்துப் போயிருக்கும். சென்சார் போச்சுன்னு ஆயிரக்கணக்கில் செலவு பண்றதுக்கு முன்னாடி, எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் பண்ணிப் பாருங்க.

இன்னொண்ணு. டெல்லி வட்டாரத்தில் 10 வருஷம் தாண்டின டீசல் வண்டி ஓடக் கூடாதுன்னு உத்தரவு வந்தபிறகு அங்கிருந்து நிறைய வண்டி மத்த மாநிலங்களுக்கு வந்துச்சு. விலை சல்லிசா இருக்கேன்னு பாயாதீங்க. என்ஓசி, இங்கே கட்ட வேண்டிய சாலை வரி, எல்லாத்தையும் கூட்டிட்டு அப்புறம் விலை பேசுங்க.

கடைசியா ஒரு விஷயம். ஒட்டப்பிடாரம்னு சொன்னதும் வ.உ.சி. ஞாபகம் வராம இருக்காது. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். அந்தக் கப்பல்களும் வெளிநாட்டில் கட்டினவைதான். யார் கையில் இருக்கு, யாருக்காக ஓடுதுங்கிறதுதான் அதைச் சுதேசி ஆக்கிச்சு. பிரிட்டிஷ் கம்பெனி டிக்கெட் விலையை வெட்டி வெட்டி அதைச் சாய்க்கப் பார்த்தது. ஒரு இயந்திரத்தோட தலைவிதியை எழுதுறதில் இரும்புக்கு எவ்வளவு பங்கு உண்டோ, விலைக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இந்த இஞ்சினையும் அப்படித்தான் நான் பார்க்கிறேன். வரைஞ்சது இத்தாலி, லைசென்ஸ் ஜப்பான் கம்பெனி கையில், ஃபேக்டரி ஹரியானாவில். ஆனா ஷோரூமில் உற்பத்தியை நிறுத்தின பிறகும் இதை ஓட வைக்கிறது எட்டயபுரம் ரோட்டு ஒர்க்‌ஷாப்பில் காதை வச்சே செயின் சத்தத்தைக் கண்டுபிடிக்கிற மெக்கானிக். இந்த அறிவு எந்த மேனுவலிலும் முழுசா எழுதப்படலை. அடுத்து எலெக்ட்ரிக் வரப் போகுது. அங்கே பேட்டரிக் கணக்கும் பூட்டின சாஃப்ட்வேரும் இருக்கும். அதைத் திறந்து பார்க்க இவங்களுக்கு வழி இருக்குமா, இல்லை ஷோரூம் வாசலில் காத்திருக்கணுமா? என் மாதிரி கோட் எழுதுறவங்கதான் இதுக்குப் பதில் சொல்லணும். அதை அடுத்த எபிசோடில் பேசுவோம். அதுவரைக்கும் டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயிலைப் பாருங்க மக்களே.