தூங்கிப்போன காவல்காரன்

சுருட்டுப் பிடிப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? புகையை வாயிலேயே நிறுத்தி, ரசித்து, வெளியே விட்டுவிடுவார். சிகரெட் பிடிப்பவரோ நெஞ்சு நிறைய இழுத்த பிறகுதான் விடுவார். இரண்டும் புகையிலைதானே, ஏன் இந்த வித்தியாசம்? விடை தேடிப் புறப்பட்ட நான், ஓர் அடிமைப் பையனின் தூக்கத்தில் வந்து நின்றேன்.

1839-ஆம் வருஷம். அமெரிக்காவில் வட கரோலினா ராஜ்யத்தில் காஸ்வெல் என்ற ஜில்லா. அங்கே அபிஷா ஸ்லேட் என்பவரின் பண்ணையில், புகையிலை உலர்த்தும் கொட்டகைக்கு ஸ்டீபன் காவல். வயது பதினெட்டு இருக்கும். கொல்லுப்பட்டறை வேலையும் அவனுடையதே. தொங்கும் இலைகளுக்குக் கீழே விறகுத் தீ அணைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மழை இரவு; கண் அசந்துவிட்டான். விழித்துப் பார்த்தால் தீ அணையும் தறுவாயில் இருக்கிறது. விறகோ ஈரம். இலை கெட்டால் அடிமைக்கு என்ன நேரும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பட்டறைக் கரிக்குழிக்கு ஓடினான். கரியை அள்ளிவந்து கங்கின்மேல் போட்டான். புகையில்லாத கடுஞ்சூடு எழுந்தது. பழுப்பாக வேண்டிய இலை பளபளவென்று பொன்மஞ்சளாக மாறிற்று!

பறித்த இலை உடனே செத்துவிடுவதில்லை. சுமார் 100 டிகிரி பாரன்ஹீட் சூட்டில் அது மெல்ல மஞ்சளாகும், மாவுச்சத்து சர்க்கரையாகும். அந்தச் சமயம் சூட்டை ஏற்றிக்கொண்டே போய், நடுநரம்பு காய 160 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால், நிறமும் சர்க்கரையும் அப்படியே நின்றுவிடும். காற்றில் மெதுவாகக் காயவிட்டால் சர்க்கரை செலவாகி இலை பழுத்துக் கறுக்கும். சர்க்கரை மிகுந்த இலையின் புகை சற்றே அமிலத்தன்மை உடையது. தொண்டையை அவ்வளவாக உறுத்தாது. நெஞ்சுக்குள் இழுக்கலாம். சுருட்டுப் புகைக்குக் காரத்தன்மை. அதன் நிகோடின் வாயிலேயே ரத்தத்தில் ஏறிவிடும்.

ஸ்லேட் பல வருஷம் பரீட்சை செய்து, 1850-களில் முறையை ஊரறியச் சொன்னார். செல்வமும் பெயரும் அவரைச் சேர்ந்தன. பிறகு கரி போய், வெளியே அடுப்பெரித்து இரும்புக் குழாய் வழியே சூட்டை மட்டும் உள்ளே விடும் முறை வந்தது. அந்நாளைய சென்னை ராஜதானியில் இருந்த குண்டூரிலும் 1920-களில் அத்தகைய கொட்டகைகள் எழுந்தன.

விடுதலை பெற்று முதியவரான ஸ்டீபன், 1886-ல் ஒரு பத்திரிகைக்காரரிடம் அது தற்செயல்தான் என்றே சொன்னார். எனக்கு அதில் சம்மதமில்லை. தூக்கம் தற்செயல், கரி அப்படியல்ல. ஈர விறகு கைவிடும் நேரத்தில் எதை அள்ளவேண்டும் என்று கொல்லனுக்குத் தெரிந்திருந்தது. எஜமானின் பரீட்சையை மட்டும் கண்டுபிடிப்பு என்று எழுதி, அடிமையின் தொழிலறிவை விபத்து என்று எழுதிவிட்டோம்.

அந்த இதமான புகைதான் சிகரெட்டை உலகெங்கும் பரப்பிற்று. அது நுரையீரல் புற்றுநோய் தரும் என்று அமெரிக்க அரசாங்க அறிக்கை 1964-ல் அறிவித்தது. பொன்னிற இலையைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. மழையில் கரிக்குழிக்கு ஓடிய அந்தப் பையனை மறக்கவும் முடியவில்லை.