தாத்தாவின் வால்வு ரேடியோவை விற்ற கதை



போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு பெரிய பஞ்சாயத்து. கிணற்று மோட்டாரில் காயில் போய்விட்டது. வயலில் சின்ன வெங்காயம் காய்கிறது. கையில் காசு இல்லை. வீட்டில் விலை போகக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான், தாத்தாவின் மர்ஃபி வால்வு ரேடியோ. "நீதானே வரலாறு படிக்கிற, நீயே சொல்லு" என்று அப்பா என் தலையில் கட்டிவிட்டார்.

வாலிகண்டபுரம் என்றால் வாலீஸ்வரர் கோயில், 1751-இல் ஆங்கிலேயர் பக்கமும் பிரெஞ்சுக்காரர் பக்கமும் மோதிய சண்டை, பக்கத்தில் ரஞ்சன்குடிக் கோட்டை... இவைதான் வரலாறு என்று நினைத்திருந்தேன். பரணில் ஒரு வரலாறு தூசி படிந்து கிடந்தது தெரியாமல்!

சரி, விஷயத்துக்கு வருவோம். நம் பெரம்பலூர் அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்தது. 1995-இல்தான் தனி மாவட்டம் ஆனது. திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது 1939 மே 16-இல். 1947-இல் நாடு சுதந்திரம் அடைந்தபோது இந்தியாவின் பங்குக்கு வந்த அகில இந்திய வானொலி நிலையங்கள் மொத்தமே ஆறு. டெல்லி, பம்பாய், கல்கத்தா, லக்னோ, சென்னை, அப்புறம் நம்ம திருச்சி! பெருமையாக இல்லை?

அந்தத் திருச்சி நிலையம் பாட்டு மட்டும் போடவில்லை. 1960-களில் ஆடுதுறை 27 என்ற புது நெல்லைப் பற்றி விவசாயிகளுக்கு விடாமல் எடுத்துச் சொன்னது. அதனால் அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வந்துவிட்டது. ஒரு பெட்டியின் பேச்சைக் கேட்டு டெல்டா விவசாயிகள் விதையையே மாற்றினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சினிமாப் பாட்டுக்கு அந்த நாள் மக்கள் திருப்பியது இலங்கை வானொலி பக்கம். 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாடல்களை ஓரங்கட்டினார். நேயர்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். அவர்களைத் திரும்ப இழுக்கத்தான் 1957 அக்டோபர் 3-இல் விவித பாரதி வந்தது.

இன்னொரு ஆச்சரியம். ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும்! 1933-ஆம் ஆண்டுச் சட்டம் அது. தபால் ஆபீசில் வருடா வருடம் பணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் பதிந்து வாங்க வேண்டும். 1980-களில்தான் இந்த முறை ஒழிந்தது. தாத்தாவின் புத்தகம் தகரப் பெட்டியில் இருந்தது. முதல் பதிவு 1964. ஆண்டுக்கு 15 ரூபாய். ஒரு வருடம்கூட விடவில்லை. மழை பொய்த்த வருடத்திலும் கட்டியிருக்கிறார்.

ரேடியோவைச் சரி செய்தது ஒரு வயதான மெக்கானிக். பல வருடம் சும்மா கிடந்த செட்டை நேராகப் பிளக்கில் சொருகக் கூடாதாம். முதலில் சீரிஸ் பல்பு வைத்துத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் டிரான்ஸ்பார்மரே கருகிவிடும். பழைய கண்டென்சர்களை எல்லாம் மாற்றினார். ஐந்து வால்வில் ஒன்று போயிருந்தது. டயல் நூலையும் புதிதாகக் கட்டினார். சுவிட்சைப் போட்டதும் சத்தம் வராது. வால்வு சூடாக அரை நிமிடம் பிடிக்கும். அந்த அரை நிமிடத்தில் அப்பாயி மூச்சு விட்டாரா என்றே தெரியவில்லை!

விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நல்ல விலை சொன்னார். ஆனால் உள்ளே இருப்பதை எல்லாம் பிடுங்கிவிட்டு, வெறும் மரப்பெட்டியில் ப்ளூடூத் ஸ்பீக்கர் வைப்பாராம். இன்னொருவர் திருச்சிக்காரர், பழைய ரேடியோ சேர்ப்பவர். அவர் சொன்னது முதலாமவர் சொன்னதில் பாதிதான். ஆனால் அப்படியே வைத்துப் பாடவிடுவார். லைசென்ஸ் புத்தகத்தையும் சேர்த்துக் கேட்டார்.

நான் யோசித்தேன். பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017-இலேயே நின்றுவிட்டது. அந்த டயலில் எழுதியிருக்கும் ஊர்கள் பலவும் இன்று பேசுவதில்லை. அப்படியானால் வெறும் பெட்டிதானே என்று ஒரு மனம் சொன்னது. இல்லை, அந்த வால்வுகளும் புத்தகமும் சேர்ந்திருந்தால்தான் அது 1964-இன் சாட்சி என்று இன்னொரு மனம் சொன்னது. பிரித்துவிட்டால் ஒன்று மரச்சாமான், இன்னொன்று பழைய காகிதம்.

கடைசியில் அப்பாயியிடம் கேட்டேன். "பாடுற எடத்துக்குக் குடுடா. பொஸ்தகத்தையும் குடு. ஆனா அந்தக் கையெழுத்த ஒரு போட்டோ புடிச்சி வச்சுக்க" என்றார்.

திருச்சிக்காரருக்கே கொடுத்தோம். எந்தெந்தப் பாகம் மாற்றியது என்று ஒரு தாளில் எழுதிப் பின் மூடியின் உட்புறம் ஒட்டினேன். வாங்குகிறவரை ஏமாற்றக் கூடாது, நாளைக்கு இதை ஆராய்கிறவனையும் ஏமாற்றக் கூடாது. வந்த பணம் மோட்டாருக்குப் போதவில்லை. மீதியை அப்பா கடன் வாங்கினார். வெங்காயம் பாதி தப்பியது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும் நண்பர்களே. எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். கூட ஏதாவது புத்தகம் இருக்கிறதா என்றும் தேடுங்கள் :-)