அண்டர்வுட், ரோரி

அண்டர்வுட், ரோரி (பிறப்பு: 19 ஜூன் 1963): இங்கிலாந்து ரக்பி யூனியன் அணியின் இடப்பக்க விங்கர், பிரிட்டிஷ் விமானப்படை விமானி, பின்னாளில் தலைமைத்துவப் பயிற்சியாளர். இங்கிலாந்துக்காக 85 ஆட்டங்களில் 49 டிரை போட்டவர்.

பிறந்தது மிடில்ஸ்பரோவில். தந்தை ஆங்கிலேயர், தாயார் மலேசியச் சீனர். சிறுவயது மலேசியாவில் கழிந்தது. தம்பி டோனி 1969இல் பிறந்தது ஈப்போவில். வட இங்கிலாந்தின் பர்னார்ட் காசில் பள்ளியில் ரோரியுடன் ஆடியவர் ராப் ஆண்ட்ரூ; பிற்பாடு இருவரும் தேசிய அணியிலும் சேர்ந்து ஆடினார்கள். 1983இல் லெஸ்டர் டைகர்ஸ் கிளப்பில் சேர்ந்த ரோரி, மறு ஆண்டே அயர்லாந்துக்கு எதிராக இங்கிலாந்துச் சட்டை அணிந்தார்.

அந்நாளைய இங்கிலாந்து, முன்வரிசை ஆட்களின் உடல்பலத்தையும் உதையையும் நம்பிய அணி. விங்கருக்குப் பந்து வந்து சேருவதே அபூர்வம். அப்படியிருந்தும் 1989இல் பிஜிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து டிரை போட்டார். எதிரணி பலவீனம் என்று அந்த ஐந்தையும் கழித்துவிட்டாலும் 44 மிஞ்சும். இங்கிலாந்து டிரைப் பட்டியலில் அடுத்து நிற்கும் ஜானி மே போட்டது 36.

அவர் ஓட்டம் எப்படிப்பட்டது என்பதற்கு 1993 ஜூனில் வெலிங்டனில் நடந்த டெஸ்ட் ஒன்றே போதும். ரோரி ஆடிய பிரிட்டிஷ் லயன்ஸ் அணிக்கு எதிராக நியூசிலாந்து அணித் தலைவர் ஃபிட்ஸ்பேட்ரிக் பந்தை நழுவவிட்டார். லயன்ஸின் டூயி மாரிஸ் பொறுக்கினார்; குஸ்காட் எதிராளியைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு பந்தை இடப்புறம் தள்ளினார். மீதித் தூரம் முழுக்க ரோரியின் கால்கள்தான். லயன்ஸ் 20–7 என வென்றது.

1992 நவம்பரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அண்ணன் ஒரு விங்கிலும் தம்பி மறு விங்கிலும் நின்றார்கள். மறு ஆண்டு ஸ்காட்லாந்துக்கு எதிராக இருவரும் ஆளுக்கொரு டிரை போட்டார்கள். பார்வையாளர் வரிசையில் தாயார் துள்ளிக் குதிப்பதைத் தொலைக்காட்சி நேயர்கள் அன்று பார்த்தார்கள்.

1995 உலகக் கோப்பை அரையிறுதியில் நியூசிலாந்தின் ஜோனா லோமு நான்கு டிரை போட்டு இங்கிலாந்தை நொறுக்கினார். அந்தத் தோல்வியிலும் ரோரி இரண்டு போட்டார் என்பதை லோமுவின் புகழ் மறைத்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் ரக்பி யூனியன் தொழில்முறை ஆட்டமானது. அதுவரை ரோரி ஆடியதெல்லாம் ஊதியமில்லாமல். சோறு போட்டது விமானப்படைச் சம்பளம். 1996 மார்ச்சில், தொடங்கிய அதே அயர்லாந்துக்கு எதிராகவே, தேசிய அணியில் கடைசி ஆட்டம்.

அவர் தேர்ந்த பயிற்சித் தொழில் மைதானத்துக்கு வெளியே அமைந்தது. விமானி அறையிலும் ஆட்டக்களத்திலும் கற்ற குழுப்பணியை நிறுவன ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். விங்கராக அவர் பெற்ற இடத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய அத்தியாயம்தான். தம்பி டோனியும் ஆட்டத்தை விட்டபின் விமானியானார். அவர் ஓட்டியது பயணிகள் விமானம்.