கத்தி பட்ட காசு

எடை ஒன்றரை கிராமுக்கு முன்பின். குறுக்களவு இரண்டு சென்டிமீட்டர். ஒரு பக்கம் இங்கிலாந்து அரசன் ஏத்தல்ரெட்டின் தலை. மறுபக்கம் விளிம்பைத் தொடும் நீண்ட சிலுவை. கி.பி. 997-க்கும் 1003-க்கும் இடையே அடித்த வெள்ளிப் பென்னி இது.

சிலுவையைச் சுற்றி, அடித்தவன் பெயரும் ஊரும் இருக்கும். பெருமைக்கு அல்ல, கலப்படம் செய்தால் ஆளைப் பிடிக்க. மன்னன் ஏத்தல்ஸ்டன் காலத்திலிருந்தே சட்டம் கடுமை: குற்றவாளியின் கையை வெட்டி அக்கசாலையிலேயே மாட்டிவிடுவார்கள். சில்லறை வேண்டுமா? காசையே சிலுவைக் கோட்டோடு வெட்டு, பாதியாக, காலாக. 'பார்த்திங்' என்றாலே நாலில் ஒன்றுதான்.

இவ்வளவு கறாராக அடித்த காசு ஊரில் தங்கவில்லை. 991-இல் மால்டன் போரில் தோற்றதும், வைக்கிங்குகளை அனுப்பிவைக்க 10,000 பவுண்டு கொடுத்தார்கள். பவுண்டுக்கு 240 பென்னி. ஆக 24 லட்சம் காசு. கொடுக்கக் கொடுக்கக் கேட்கிற கை நீண்டது. 1002-இல் 24,000 பவுண்டு, 1012-இல் 48,000. ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றேடு சொல்லும் இந்தக் கணக்கு மிகை என்பாரும் உண்டு. வாங்கியவர்களோ மறைக்கவில்லை. சுவீடனின் இட்டர்யார்டே ஊர்க் கல்வெட்டு ஒன்று, உல்ஃப் என்பவன் இங்கிலாந்தில் மூன்று முறை பணம் பெற்றதைச் சொல்கிறது. டோஸ்டி, தோர்கெல், கனூட் என்று பங்கு கொடுத்த தலைவர்களின் பெயரோடு. பொய்க்கணக்கைக் கல்லில் வெட்டுவார்களா?

கடல் தாண்டியதும் ராஜா தலைக்கு மதிப்புப் போயிற்று. அங்கே எண்ணி வாங்கும் வழக்கம் குறைவு. தராசில் நிறுத்துத்தான் வாங்குவார்கள். கத்தி நுனியே உரைகல். மெல்லக் குத்திப் பார்த்தால் உள்ளே செம்பா வெள்ளியா என்று தெரிந்துவிடும். ஒவ்வொருவரும் குத்த, அரசன் கன்னத்தில் அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள். எத்தனை கை மாறியது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். தலைக்கு மதிப்பில்லாவிட்டாலும் அச்சு பிடித்துப்போனது: சுவீடன் மன்னன் ஓலோஃப் 995 வாக்கில் சிக்டூனாவில் ஏத்தல்ரெட் காசுகளின் சாயலில் தன் காசை அடிக்கத் தொடங்கினான்.

இங்கிலாந்திலிருந்து வந்த காசைப் பிறகு பெட்டியிலோ பையிலோ போட்டு மண்ணில் புதைத்தார்கள். சுவீடனின் காட்லாந்து தீவில் மட்டும் 700-க்கும் மேற்பட்ட வெள்ளிப் புதையல்கள் கிடைத்திருக்கின்றன. ஏத்தல்ரெட் காசு பார்க்க விரும்புகிறவர்கள் லண்டனோடு திரும்பிவிட வேண்டாம், ஸ்டாக்ஹோமுக்கும் போங்கள். இங்கிலாந்து மண்ணில் கிடைத்ததைவிட ஸ்காண்டிநேவிய மண்ணில் கிடைத்ததே அதிகம்.