வாய்ப்புற்றும் அடையாற்றுப் பரிசோதனையும்

திருத்தணி மலைக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டித் தறியும் நிலமும் ஜீவனோபாயமாக உள்ள ஆர்.கே.பேட்டைப் பிரதேசத்தில், வெற்றிலையோடு புகையிலையையும் கன்னத்தில் அடக்கிப் பழகிய பெரியவர் ஒருவருக்கு ஆறாத புண் கண்டு, வைத்தியர் அதைப் புற்றென்று நிர்ணயித்துவிட்டால், குடும்பத்தார் வாயில் முதலில் எழும் பெயர் அடையாறு, அதாவது சென்னை அடையாற்றில் உள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரி. தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால், 1952இல் ஜவஹர்லால் நேரு அஸ்திவாரக்கல் நாட்ட, அந்த ஆஸ்பத்திரி 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் தொடங்கிற்று. திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்தோடு இணைந்தது அதற்குப் பின், 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான். ஆயினும் நோய்க்கு எல்லைக்கோடு ஏது? தமிழரும் தெலுங்கரும் அங்கே ஒரே வரிசையில் நின்றனர்.

அப்படி நின்றவர்களில் வாய்ப்புற்றுடையோர் பலர். முற்றிய நிலையில் வந்தோரே மிகுதி. மேல்நாடுகளில் அரிதாயிருந்த கன்னப்புற்றுக்கு அந்நாட்டு நூல்களில் முழு விடை கிடைக்காதபோது, அந்த ஆஸ்பத்திரியின் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் வி. சாந்தாவும் கதிர்வீச்சோடு மருந்தையும் சேர்த்தளித்தால் பயன் கூடுமா என்னும் வினாவைத் தாமே எழுப்பினர். சிலர் குணமடைந்ததைக் கண்டு ஓர் ஔஷதத்தைப் புகழ்வது எளிது. அக்குணம் அதனால்தான் விளைந்தது என்று நிரூபிப்பதற்கோ, நோயாளரைச் சீட்டுக் குலுக்கினாற்போல் தற்செயலின் வழியே இரு பிரிவாக்கி, இரு பிரிவையும் ஒரே அளவுகோலால் நோக்கவேண்டும். இம்முறை சென்னைக்குப் புதிதன்று; 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சியில் 193 நோயாளர் இவ்வாறு பிரிக்கப்பட்டு, வீட்டிலிருந்தபடி மருந்துண்போரும் சானடோரியத்தில் தங்குவோரைப் போலவே குணமடைவர் என்பது உலகுக்குப் புலனாயிற்று. அவ்வழியே அடையாற்றில் நடந்த, கதிர்வீச்சோடு பிளியோமைசின் என்னும் மருந்தைச் சேர்த்தளித்த பரிசோதனை, மருந்து பெற்ற பிரிவினருக்குப் பெரும் நன்மை விளைந்ததைக் காட்டிற்று. பிற்காலத்தில் ஐரோப்பியப் பரிசோதனை ஒன்றில் அம்மருந்து அத்தகைய பயனைத் தரவில்லை. ஆனால் கதிர்வீச்சையும் மருந்தையும் சேர்த்தளிக்கும் கொள்கை நிலைத்தது; சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து பிளியோமைசினின் இடத்தைப் பெற்றது. ஒரு முடிவை மற்றொரு பரிசோதனை திருத்துவதே விஞ்ஞானத்தின் தர்மம்.

அத்தர்மம் வழுவியதும் உண்டு. திருவனந்தபுரத்தின் மண்டலப் புற்றுநோய் மையத்தில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஒருவரின் ஆராய்ச்சிக்காக, வாய்ப்புற்று நோயாளருக்கு மனிதரிடம் போதிய முன்சோதனை காணாத ரசாயனப் பொருள்கள், உரிய சம்மதமின்றி ஊசிமூலம் செலுத்தப்பட்டன என்பது 2001இல் அம்பலமாயிற்று. அறியாமையையும் வறுமையையும் ஆராய்ச்சிக்கு வசதியாகக் கொள்வது பெரும் பாவமென்பதை நாடு அன்று கண்கூடாகக் கண்டது. பின்னர், மருத்துவப் பரிசோதனைகளைப் பகிரங்கமாகப் பதியும் ஏடு 2007இல் தொடங்கி, 2009இல் கட்டாயமாயிற்று. பரிசோதனையால் தீங்குற்றோருக்கு இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் 2019ஆம் ஆண்டு விதிகளில் இடம்பெற்றன.

நம் மண்ணின் துன்பத்திலிருந்தே வினா பிறக்கவேண்டும் என்ற அடையாற்று மரபு இன்றும் உயிரோடிருப்பதற்கு மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை சான்று. நிவோலுமாப் என்னும் விலையுயர்ந்த மருந்தை வழக்கமான அளவில் ஏறத்தாழ 6 சதவீதமே, அதாவது மூன்று வாரத்துக்கொருமுறை 20 மில்லிகிராம் மட்டுமே, பிற மருந்துகளோடு சேர்த்துத் தந்தபோது, முற்றிய தலை, கழுத்துப் புற்றுடைய வயதுவந்தோரில் ஓராண்டு உயிர்வாழ்ந்தோரின் விகிதம் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்தது என்று 2022இல் அங்கிருந்து முடிவு வெளியாயிற்று.

ஆகவே, எல்லையோரக் கிராமத்து நோயாளி ஒருவர் முன் சம்மதப் பத்திரம் நீட்டப்படுகையில், இச்சோதனை யாருடைய வினாவுக்கு விடை தேடுகிறது, மறுத்தால் தமக்குரிய சிகிச்சை குறையுமா, தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்று அவர் கேட்பதை அவநம்பிக்கையாகக் கருதலாகாது. மறுத்தாலும் சிகிச்சை குறையாது என்று அவர் தாய்மொழியில், அவருக்கு விளங்கும்வரை எடுத்துரைப்பதே, முன்பு பெயர் அறியப்படாமலே தம் உடலை ஈந்து இவ்வறிவைத் தந்தவர்களுக்கு வைத்திய உலகம் செலுத்தவேண்டிய கடன்.